தேசியப் பூங்காவில் ட்ரெய்லரோடு தங்குவது: முன்பதிவு முதல் கழிவுத் தொட்டி வரை முழு வழிகாட்டி

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ட்ரெய்லரோடு, அதாவது காரின் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீட்டோடு, தங்க நினைக்கும் குடும்பங்கள் முதலில் கேட்பது, "எந்த ட்ரெய்லர் எடுக்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டும். பூங்காவில் கிடைக்கும் சைட்டின் (ட்ரெய்லரை நிறுத்தித் தங்க ஒதுக்கும் இடம்) நீளம் ட்ரெய்லரின் அளவைச் சொல்லும். ட்ரெய்லரின் எடை, எந்த வண்டியால் இழுக்கலாம் என்று சொல்லும். அதன் தொட்டிகளும் பேட்டரியும் எத்தனை இரவு தாக்குப்பிடிக்கலாம் என்று சொல்லும். ட்ரெய்லரை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் இடம் தேடுகிறவர்கள்தான் கேம்ப்கிரவுண்டின் குறுகலான வளைவில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இது 16 முதல் 26 அடி வரையிலான, வண்டியின் பின்பக்க ஹிட்ச்சில் மாட்டி இழுக்கும் ட்ராவல் ட்ரெய்லருக்கான வழிகாட்டி. தனியார் ஆர்வி பார்க்கில் (இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) தங்கிப் பழகியவர்களும் இதைப் படிப்பது நல்லது, ஏனென்றால் தேசியப் பூங்காவின் கதை வேறு. இங்கே பெரும்பாலான சைட்களில் கரண்ட் கிடையாது, தண்ணீர் இணைப்பு கிடையாது, கழிவுக் குழாயும் கிடையாது. கொண்டுபோவதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

1. முதலில் சைட், பிறகு ட்ரெய்லர்

போக விரும்பும் பூங்காவின் அதிகாரப்பூர்வ தளத்தில் கேம்ப்கிரவுண்ட் பக்கத்தைத் திறந்து, ட்ரெய்லருக்கான அதிகபட்ச நீளத்தைப் பாருங்கள். மோட்டார்ஹோமுக்கு (எஞ்சினும் வீடும் ஒரே வண்டியாக இருப்பது) ஒரு அளவும் ட்ரெய்லருக்கு வேறு அளவும் இருக்கும். யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸில் மோட்டார்ஹோம் 35 அடி வரை போகலாம், ட்ரெய்லருக்கு 24 அடிதான். பக்கத்திலேயே இருக்கும் லோயர் பைன்ஸிலும் நார்த் பைன்ஸிலும் ட்ரெய்லர் 35 அடி வரை. கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் மேதர் கேம்ப்கிரவுண்டின் எல்லை 30 அடி. அதைவிடப் பெரிய ட்ரெய்லர் என்றால் அருகிலுள்ள ட்ரெய்லர் வில்லேஜ்தான்.

இந்த எண்கள் கேம்ப்கிரவுண்டின் உச்ச வரம்பு. உள்ளே ஒவ்வொரு சைட்டும் வேறு வேறு நீளம். 24 அடி அனுமதிக்கும் கேம்ப்கிரவுண்டில் 18 அடிக்குமேல் நுழையாத சைட்டும் இருக்கும். அதனால் சைட் எண்ணைத் திறந்து அதன் வண்டி நீளம், ரிவர்ஸ் எடுத்து நுழைய வேண்டுமா அல்லது நேராக உள்ளே போய் மறுபக்கம் வெளியேறலாமா, தரை எவ்வளவு சரிவு என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். சைட்டின் புகைப்படம் இருந்தால் மரங்களையும் பாறைகளையும் கவனியுங்கள். ஸ்லைடு அவுட் (நிறுத்திய பிறகு சுவரோடு வெளியே நீளும் பகுதி) உள்ள ட்ரெய்லருக்குப் பக்கவாட்டு இடம் நீளத்தைவிட முக்கியம்.

ட்ரெய்லரின் நீளத்தை நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். மாடல் பெயரில் 22 என்று இருந்தால் பலரும் 22 அடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் பெட்டியின் நீளம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஹிட்ச் முனை, பின்னால் பம்பர், ஸ்டெப்னி எல்லாம் சேர்த்தால் 25, 26 அடி வந்துவிடும். இழுக்கும் வண்டியையும் அதே சைட்டில் நிறுத்த வேண்டுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சில கேம்ப்கிரவுண்டுகளில் இணைப்பு வசதி உண்டு. ஸயன் பூங்காவின் வாட்ச்மேனில் சில வரிசைகளில் கரண்ட் மட்டும் இருக்கிறது. யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்கிலும் மேலே சொன்ன ட்ரெய்லர் வில்லேஜிலும் கரண்ட், தண்ணீர், கழிவு மூன்றும் உண்டு. ஃபிஷிங் பிரிட்ஜில் கரடி நடமாட்டம் காரணமாகக் கெட்டிச் சுவர் உள்ள ட்ரெய்லர்தான் அனுமதி. துணிப் பக்கம் விரியும் பாப்-அப் ட்ரெய்லருக்கு அங்கே இடமில்லை. வாடகைக்கு பாப்-அப் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

2. முன்பதிவு

பெரும்பாலான பூங்கா கேம்ப்கிரவுண்டுகளுக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் தளம்தான். யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் போன்றவற்றை ஒப்பந்த நிறுவனங்கள் நடத்துகின்றன, அவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் தளம். பல கேம்ப்கிரவுண்டுகள் வரும் தேதிக்கு ஆறு மாதம் முன்பு திறக்கும். யோசெமிட்டி பள்ளத்தாக்கு கேம்ப்கிரவுண்டுகளுக்கு வேறு முறை: ஐந்து மாதம் முன்பு, மாதத்தின் 15ஆம் தேதி, பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு, ஒரு முழு மாதத்துக்கான இடங்கள் ஒரே நேரத்தில் திறக்கும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

ஆகவே அதற்கு முந்தைய நாளே கணக்கு தொடங்கி, உங்களுக்குப் பொருந்தும் நான்கைந்து சைட் எண்களை எழுதி வையுங்கள். திறக்கும் நேரத்தில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கிடைக்காது. எண் தெரிந்தவருக்குக் கிடைக்கும்.

இடம் கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். ரத்தாகும் இடங்கள் அதே தளத்தில் மறுபடி வருகின்றன. இடம் காலியானால் அறிவிக்கும் வசதியும் அங்கே உண்டு. பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு நிறையப் பேர் திட்டத்தை மாற்றுவார்கள். நீங்கள் ரத்து செய்ய நேர்ந்தாலும் சீக்கிரம் செய்யுங்கள்: சாதாரணமாக 10 டாலர் கட்டணம், வரும் நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ செய்தால் அதோடு முதல் இரவு வாடகையும் போகும். சொல்லாமல் வராமல் இருந்தால் 20 டாலரும் முதல் இரவும்.

நுழைவுப் பாஸ் வேறு, கேம்ப்கிரவுண்ட் வாடகை வேறு. ஆண்டுப் பாஸ் வைத்திருந்தாலும் சைட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். வீட்டில் 62 வயதைத் தாண்டிய பெற்றோர் கிரீன் கார்டோ குடியுரிமையோ பெற்றிருந்தால் சீனியர் பாஸ் எடுத்துக் கொடுங்கள். பல கேம்ப்கிரவுண்டுகளில் வாடகை பாதியாகும். அவர்களும் உங்களோடு அந்த சைட்டில் தங்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இந்தப் பாஸ் கிடையாது.

3. இழுக்கும் வண்டியின் கணக்கு

"என் எஸ்யூவி 5,000 பவுண்ட் இழுக்கும்" என்பது பாதிக் கணக்கு. மீதிப் பாதி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சாமான்களும் சேர்த்து வண்டி எத்தனை பவுண்ட் சுமக்கலாம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 1,300 பவுண்ட். ஐந்து பேர் குடும்பம், மொத்தம் 700. டிக்கியில் சாமான் 150. ட்ரெய்லர் 4,500 பவுண்ட். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலாட்டும். 12 சதவீதம் என்று வைத்தால் 540. கூட்டினால் 1,390. இழுக்கும் திறனுக்குள் இருந்தும் சுமக்கும் திறனைத் தாண்டிவிட்டது. பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரத்தின் பிடி குறைந்து, ஸ்டியரிங் லேசாகிவிடும். மலைப்பாதை வளைவில் அது ஆபத்து.

ட்ரெய்லரின் எடையாக விளம்பரத்தில் போடும் 'காலி எடை'யை எடுக்காதீர்கள். அதில் தண்ணீர் இல்லை, உங்கள் சாமான் இல்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்ட், 40 கேலன் தொட்டி நிரம்பினால் சுமார் 330 பவுண்ட். ட்ரெய்லரின் ஸ்டிக்கரில் உள்ள அதிகபட்ச மொத்த எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் வண்டியில் பிரேக் கன்ட்ரோலர் (ஓட்டுநர் இடத்திலிருந்து ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) வேண்டும். ஹிட்ச் பந்தின் அளவு, அதைக் கவ்வும் ட்ரெய்லரின் பூட்டோடு பொருந்த வேண்டும்: 2 அங்குலமா, 2 5/16 அங்குலமா என்று கேளுங்கள். பெரிய பூட்டு சின்னப் பந்தின் மேல் உட்கார்ந்துவிடும், பூட்டியது போலவே தெரியும், மேட்டில் தூக்கிப் போட்டால் கழன்றுவிடும். இன்னொன்று: விமான நிலையத்தில் எடுக்கும் வாடகைக் கார்களில் பெரும்பாலும் ட்ரெய்லர் இழுக்க அனுமதி கிடையாது. ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

4. ட்ரெய்லரோடு வராத சாமான்கள்

வாடகை ட்ரெய்லரில் பாத்திரமும் படுக்கையும் இருந்தாலும் இவை இல்லாமல் போகலாம். எடுக்கும்போதே ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபாருங்கள்:

சக்கரக் கட்டைகள் நான்கு, சமன்படுத்தும் பிளாஸ்டிக் பிளாக் ஒரு பை, சின்ன நீர்மட்டம். குடிநீருக்கான வெள்ளை ஹோஸ், அதோடு அழுத்தக் குறைப்பான். கழிவுக் குழாய், அதன் கண்ணாடி முழங்கை (உள்ளே ஓடுவது தெரியும் வளைவு இணைப்பு), ரப்பர் கையுறை. டயர் அழுத்தமானி, டார்க் ரெஞ்ச் (நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்). கரண்ட் உள்ள சைட் என்றால் 30 ஆம்ப்புக்கும் 50 ஆம்ப்புக்கும் மாற்றும் அடாப்டரும் மின்னழுத்தக் காப்பானும். வாக்கி-டாக்கி ஒரு ஜோடி, ஏனென்றால் பல பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் வராது, ரிவர்ஸ் எடுக்கும்போது கத்திப் பேசினாலும் கேட்காது.

ஆறேழு கேலன் பிடிக்கும் தண்ணீர்க் கேன் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பயன் பதினொன்றாம் பகுதியில் தெரியும்.

5. வழியை ட்ரெய்லரின் கண்ணால் பாருங்கள்

போனில் உள்ள மேப்புக்கு உங்கள் வண்டி 45 அடி நீளம் என்று தெரியாது. குறுக்கு வழி என்று அது காட்டும் சாலையில் ட்ரெய்லருக்கு அனுமதியே இல்லாமல் இருக்கலாம்.

கிளேஷியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில் அவலாஞ்ச் கேம்ப்கிரவுண்டுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே 21 அடிக்கு நீளமான, 8 அடிக்கு அகலமான வண்டிகள் போகக்கூடாது. 21 அடி என்பது காரும் ட்ரெய்லரும் சேர்த்து, 8 அடி என்பது கண்ணாடிகளும் சேர்த்து. ஸயன்–மவுண்ட் கார்மல் சுரங்கப்பாதையில் 7 அடி 10 அங்குல அகலத்தையோ 11 அடி 4 அங்குல உயரத்தையோ எட்டும் வண்டிகள் 'பெரிய வண்டி' என்று கணக்காகித் தனிக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. ட்ரெய்லர்களில் முக்கால்வாசி அதில் மாட்டும். இந்த விதிகள் மாறுவதால் கிளம்பும் வாரத்தில் பூங்காவின் சாலைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ட்ரெய்லரின் உயரத்தை ஏசி பெட்டியின் உச்சியிலிருந்து அளந்து, அடி அங்குலத்தில் ஒரு சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். பாலத்தின் கீழே வந்து நின்று யோசிக்க நேரம் இருக்காது.

பெட்ரோல் போடுவதைப் பூங்காவுக்கு வெளியே, பெரிய லாரிகள் வந்துபோகும் பங்க்கில் முடித்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல். மற்ற வண்டிகள் 70இல் பறந்தாலும் உங்களுக்கு 55தான். பயண நேரத்தை அதை வைத்தே கணக்கிடுங்கள். மலையிறக்கத்தில் இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ட்ரெய்லருக்குள் யாரையும் உட்கார வைக்காதீர்கள், குழந்தை தூங்கினாலும் கூடாது.

6. கிளம்பும் முன்: மாட்டும் வரிசை

முந்தைய நாளே ஃபிரிட்ஜை ஓடவிட்டுக் குளிர வையுங்கள். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். உள்ளே வைப்பதையும் குளிர்ந்த நிலையில் வையுங்கள்.

டயரைப் பாருங்கள். காற்று மட்டுமல்ல, வயதும். டயரின் பக்கச்சுவரில் தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ட்ரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட, நின்று நின்று பழையதாகி வெடிப்பதுதான் அதிகம்.

பிறகு மாட்டுவது. சக்கரக் கட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டைப் பந்தின் மேல் இறக்கி, தாழிட்டு, பின் போடுங்கள். உடனே ஜாக்கைச் சுழற்றி ட்ரெய்லரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்தால் பூட்டு பிடித்திருக்கிறது. ட்ரெய்லர் மட்டும் எழும்பினால் பிடிக்கவில்லை. இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, தவறவே விடாதீர்கள்.

அடுத்து பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் பெருக்கல் குறிபோலக் குறுக்காக மாட்டுங்கள். பூட்டு கழன்றால் ட்ரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கும். ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் அவசர பிரேக் கம்பியைச் சங்கிலியில் அல்ல, வண்டியில் தனியாக மாட்டுங்கள். ஏழு முனை பிளக்கைச் செருகி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து இண்டிகேட்டர், பிரேக் விளக்கு போட, மற்றவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஜாக்கை முழுக்க ஏற்றிய பிறகுதான் சக்கரக் கட்டையை எடுங்கள். தெருவில் மெதுவாக நகர்த்தி, கன்ட்ரோலரில் கையால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்திப் பாருங்கள், பின்னால் இழுத்துப் பிடிப்பது தெரிய வேண்டும்.

கிளம்பி 50 மைல் போனதும் நிறுத்திச் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள். புதிதாகக் கழற்றி மாட்டிய சக்கரங்கள் அந்தத் தூரத்துக்குள்தான் தளரும்.

7. வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள், தண்ணீரோடு சேருங்கள்

செக்-இன் நேரத்துக்குப் பிறகு, ஆனால் இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது போய்விடுங்கள். தேசியப் பூங்கா கேம்ப்கிரவுண்டில் தெரு விளக்கு இருக்காது. இருட்டில் ரிவர்ஸ் எடுப்பது பழகியவர்களுக்கே சிரமம். இரவு 10 மணிக்குமேல் பல இடங்களில் அமைதி நேரம் வேறு.

தண்ணீர்த் தொட்டியை எங்கே நிரப்புவது என்பதைப் போகும் முன்பே கண்டுபிடியுங்கள். கேம்ப்கிரவுண்டுக்குள் இருக்கும் பொதுக் குழாய்களில் பெரும்பாலும் ஹோஸ் மாட்ட முடியாது. டம்ப் ஸ்டேஷனில் (கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் இடம்) குடிநீர் என்று எழுதிய தனிக் குழாய் இருந்தால், சைட்டுக்குப் போகும் முன் அங்கே நிரப்பிவிடுங்கள். சைட்டில் நிறுத்திப் பிரித்த பிறகு தண்ணீருக்காக மறுபடி மாட்டிக்கொண்டு போவது அரை நாள் வேலை. பக்கத்திலேயே குடிநீர் அல்லாத குழாய் ஒன்றும் இருக்கும், அது கழிவுக் குழாயைக் கழுவுவதற்கு. எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஹோஸை மாட்டுங்கள்.

டம்ப் ஸ்டேஷன் எல்லாப் பூங்காவிலும் இருக்காது. இல்லாவிட்டால் வழியில் உள்ள ஊரில் நிரப்பிக்கொண்டு வர வேண்டும், அப்போது அந்த எடையையும் மலையேற்ற வேண்டும்.

8. ரிவர்ஸ்

சைட்டைத் தாண்டி நிறுத்தி, இறங்கி நடந்து பாருங்கள். தரையில் பாறை, நெருப்பு வளையம், மேஜை, பிறகு தலைக்கு மேலே கிளை. எல்லோரும் கீழே பார்க்கிறார்கள், மேலே பார்ப்பதில்லை. ஏசி மூடி உடைவது பெரும்பாலும் கிளையில்தான்.

ஸ்டியரிங்கின் அடியில், ஆறு மணி முள் இருக்கும் இடத்தில் ஒரு கையை வையுங்கள். கை எந்தப் பக்கம் நகர்கிறதோ ட்ரெய்லரின் பின்பக்கமும் அந்தப் பக்கம் நகரும். இடம் வலம் குழப்பம் இதோடு தீர்ந்துவிடும். கொஞ்சமாகத் திருப்புங்கள், ஊர்ந்து போங்கள். புதியவர்கள் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, ட்ரெய்லர் மடங்கத் தொடங்கிய பிறகு நேர்ப்படுத்தப் பார்க்கிறார்கள். அந்த நிலையில் ஒரே வழி, முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி தொடங்குவதுதான். எத்தனை முறை முன்னால் எடுத்தாலும் தவறில்லை. காரின் மூலையில் ட்ரெய்லர் இடிக்கும் வரை மடக்குவதுதான் தவறு.

ஓட்டுநர் பக்கம் அமைந்த சைட் எளிது, கண்ணாடியிலும் ஜன்னலிலும் ட்ரெய்லரின் மூலை தெரியும். எதிர்ப்பக்கம் அமைந்தால் ஒன்றும் தெரியாது. பல கேம்ப்கிரவுண்டுகளில் சாலை ஒருவழி என்பதால் சைட் எந்தப் பக்கம் வரும் என்று முன்பதிவின்போதே வரைபடத்தில் பார்த்துவிடலாம். முதல் முறை போகிறவர்கள் இதற்காகவே சைட் எண்ணை மாற்றுவது நியாயம்.

பின்னால் நிற்பவர் 'நிறுத்து', 'இடம்', 'வலம்', 'வா' என்று நான்கே சொற்கள் சொன்னால் போதும். அவர் கண்ணாடியில் தெரியாத கணத்தில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். குழந்தைகள் அந்த நேரத்தில் காருக்குள் இருக்கட்டும்.

9. நிறுத்திய பிறகு: வரிசை மாறக்கூடாது

இங்கேதான் அவசரத்தில் தப்பு நடக்கிறது. வரிசை இது:

முதலில் பக்கவாட்டுச் சமன். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னால் பிளாக் வைத்து, காரால் ட்ரெய்லரை அதன் மேல் ஏற்றுங்கள். கார் மாட்டியிருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய முடியும்.

இரண்டாவது சக்கரக் கட்டை, இரண்டு பக்கமும், முன்னும் பின்னும். கட்டை போடாமல் பூட்டைத் திறந்தால் ட்ரெய்லர் சரிவில் உருண்டுவிடும். யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. மற்ற எந்தத் தப்பையும் சரிசெய்துவிடலாம், இதை முடியாது.

மூன்றாவது, பிளக், அவசர பிரேக் கம்பி, சங்கிலி எடுத்து, பூட்டைத் திறந்து, முன்பக்க ஜாக்கால் ட்ரெய்லரைப் பந்திலிருந்து தூக்கி, காரை முன்னால் நகர்த்துங்கள். நான்காவது, முன்-பின் சமனை முன்பக்க ஜாக்கால் சரிசெய்யுங்கள். கடைசியில் நான்கு மூலைத் தாங்கிகளை இறக்குங்கள். அவை ஆடாமல் இருக்கத்தான், எடையைத் தூக்க அல்ல. அவற்றால் சமன் செய்யப் பார்த்தால் வளைந்துவிடும்.

சமன் எதற்கு இவ்வளவு? கேஸ் ஃபிரிட்ஜ் சாய்ந்த நிலையில் ஓடினால் குளிராது, நாளடைவில் கெட்டும் போகும். தொட்டியின் அளவுகாட்டியும் தவறாகக் காட்டும். இவையெல்லாம் முடிந்து, இடம் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்த பிறகே ஸ்லைடு அவுட்டைத் திறவுங்கள்.

10. கரண்ட் இல்லாமல் இரவு

ட்ரெய்லருக்குள் இரண்டு வகை மின்சாரம். விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் காற்றாடி, ஃபிரிட்ஜின் மின்பலகை எல்லாம் 12 வோல்ட், பேட்டரியில் ஓடும். சுவரில் உள்ள பிளக், மைக்ரோவேவ், ஏசி ஆகியவை 120 வோல்ட், வெளி இணைப்போ ஜெனரேட்டரோ வேண்டும். இன்டக்ஷன் அடுப்பு, மிக்ஸி, இன்ஸ்டன்ட் பாட் மூன்றையும் ஏற்றிக்கொண்டு வந்து, பிளக்கில் உயிர் இல்லை என்று முதல் நாள் சாயங்காலம் கண்டுபிடிக்கும் குடும்பங்கள் ஏராளம். கேஸ் அடுப்பை நம்பிச் சமையலைத் திட்டமிடுங்கள். மாவையும் சட்னியையும் வீட்டிலேயே அரைத்துக்கொண்டு வாருங்கள்.

பேட்டரியைக் குடிப்பது ஹீட்டர் காற்றாடி. அது ஓடும்போது ஏழு ஆம்ப் அளவுக்கு இழுக்கும். குளிரான எட்டு மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 28 ஆம்ப்-மணி. 100 ஆம்ப்-மணி சாதாரண ஈய பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம், அதற்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். அதாவது இரண்டு இரவுக்குள் தீர்ந்துவிடும். ஹீட்டரை இரவில் தாழ்த்தி வைத்துக் கனமான போர்வை போடுங்கள். லித்தியம் பேட்டரி என்றால் நிலைமை நன்றாகவே மேல், பெரும்பகுதியையும் பயன்படுத்தலாம்.

ஜெனரேட்டருக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7, அவ்வளவுதான். பூங்காக்களில் சத்தம் 50 அடி தூரத்தில் 60 டெசிபலுக்குமேல் போகக்கூடாது என்பது தேசிய விதி, கட்டட வேலைக்கான மலிவு ஜெனரேட்டர் பெரும்பாலும் அதில் தேறாது. ஓடவிடும்போது புகை உங்கள் ஜன்னலுக்கோ பக்கத்து சைட்டின் கூடாரத்துக்கோ போகாத திசையில் வையுங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வேலை செய்கிறதா என்று முதல் இரவுக்கு முன் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

11. மூன்று தொட்டிகள்

நல்ல தண்ணீர் ஒன்று, சிங்க்கும் குளியலும் போகும் சாம்பல் தொட்டி ஒன்று, கழிப்பறையின் கறுப்புத் தொட்டி ஒன்று. எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் சாம்பல் தொட்டிதான். அது 30 கேலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடக் குளியலுக்கு எட்டுப் பத்து கேலன். மூன்று பேர் குளித்தால் முடிந்தது. உடம்பை நனைத்து, தண்ணீரை நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுங்கள். பூங்காவில் பொதுக் குளியலறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளில் அது கிடையாது.

பாத்திரத்தைக் கழுவும் முன் காகிதத் துண்டால் எண்ணெயையும் பருக்கையையும் துடைத்துக் குப்பையில் போடுங்கள். சாம்பாரில் மிதந்த கறிவேப்பிலையும் கடுகும் வால்வில் போய் உட்கார்ந்தால் அது முழுக்க மூடாது. அரிசி கழுவிய தண்ணீர் இரண்டே நாளில் நாறும்.

கறுப்புத் தொட்டியைத் தொடங்கும் முன் இரண்டு மூன்று கேலன் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கழிவு அடியில் ஒட்டிக் குவியும். கழிப்பறையில் தண்ணீர் பயன்படுத்திக் கழுவும் பழக்கம் உள்ள வீடுகளில் இந்தத் தொட்டி மற்றவர்களுக்கு ஆவதைவிட வேகமாக நிறையும். அதைக் கணக்கில் எடுங்கள், அல்லது பகலில் கேம்ப்கிரவுண்டின் கழிப்பறைக்குப் போங்கள். ஈரத் துடைப்பான் காகிதம் எதையும் உள்ளே போடாதீர்கள், பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

நல்ல தண்ணீர் குறைந்தால் நான்காம் பகுதியில் சொன்ன கேனில் பொதுக் குழாயிலிருந்து பிடித்து வந்து ஊற்றலாம். சாம்பல் தொட்டி நிறைந்தால் அப்படிக் குறுக்குவழி இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர்தானே என்று தரையில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம், அந்த வாசனைக்கு விலங்குகளும் வரும்.

12. உணவும் விறகும்

கரடி உள்ள பூங்காக்களில் சமைக்காத நேரத்தில் உணவு எதுவும் மேஜையில் இருக்கக்கூடாது. உணவு என்றால் டூத்பேஸ்ட், சோப்பு, குப்பை, காலிக் குளிர்பெட்டி எல்லாம் சேர்த்துத்தான், வாசனை உள்ள எதுவும். கெட்டிச் சுவர் ட்ரெய்லருக்குள் வைக்கலாமா, இரும்புப் பெட்டியில்தான் வைக்க வேண்டுமா என்பது பூங்காவுக்குப் பூங்கா மாறும். உள்ளே வைத்தால் வெளியே போகும்போது ஜன்னலும் கூரைத் துளையும் மூடியிருக்க வேண்டும். காரில் குழந்தை இருக்கையின் இடுக்கில் கிடக்கும் பிஸ்கட் தூளையும் துடைத்து எடுங்கள். காரின் கதவை உடைத்துப் பழகிய கரடியைக் கடைசியில் கொன்றுவிட நேர்கிறது, அதனால்தான் ரேஞ்சர்கள் இதில் தயவு காட்டுவதில்லை.

வீட்டு விறகைக் கொண்டு போகாதீர்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகில்தான் ஊர்விட்டு ஊர் பரவுகின்றன. ஸ்மோக்கி மலைப் பூங்காவில் வெளியிலிருந்து கொண்டுவருவதானால் வெப்பத்தால் பதப்படுத்திச் சான்று பெற்ற விறகு மட்டுமே அனுமதி.

13. கிளம்பும் நாள்

காலையில் முதல் ஆளாக டம்ப் ஸ்டேஷனுக்குப் போகாவிட்டால் பதினோரு மணிக்கு நீண்ட வரிசையில் நிற்க வேண்டும்.

சைட்டில்: ஸ்லைடு மூடி, ஆன்டெனா இறக்கி, கூரைத் துளை மூடி, ஃபிரிட்ஜ் கதவு பூட்டி, தாங்கிகளை ஏற்றி, ஆறாம் பகுதியில் சொன்ன வரிசையில் மாட்டுங்கள். ஒருவர் முழுச் சுற்று நடந்து பார்க்கட்டும். படிக்கட்டை மடக்காமல் கிளம்புவது அடிக்கடி நடக்கிறது.

டம்ப் ஸ்டேஷனில்: கையுறை போட்டுக் கழிவுக் குழாயை ட்ரெய்லரிலும் தரைத் துளையிலும் முதலில் உறுதியாக மாட்டுங்கள். கறுப்பு வால்வைத் திறந்து, கண்ணாடி முழங்கையில் ஓட்டம் நிற்கும் வரை பொறுத்து, மூடுங்கள். அப்புறம்தான் சாம்பல் வால்வு. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். மாற்றிச் செய்தால் கழுவ ஒன்றும் மிஞ்சாது. இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குழாயை ட்ரெய்லர் பக்கமிருந்து கழற்றித் தூக்கிப் பிடித்து வடியவிடுங்கள். குடிநீர் ஹோஸைத் தொடும் முன் கையுறையைக் கழற்றிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, கேஸ் சிலிண்டரை மூடி, பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். ஃபிரிட்ஜை அணைத்து, துடைத்து, கதவுக்கு நடுவே ஒரு துணியைச் செருகித் திறந்தே வையுங்கள். மூடிவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது பூஞ்சை இருக்கும்.